போரைக் கடந்து கனடா வந்தவர்களுக்கு: நமக்கேற்ற தெரபிஸ்டைத் தேடுவது எப்படி

இது ஒன்ராறியோவில், குறிப்பாக ரொறொன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் புதிதாகக் குடியேறிய தமிழருக்காக எழுதுவது. 95 இடப்பெயர்வு, 2009 முள்ளிவாய்க்கால், தடுப்பு முகாம், கடற்பயணம் என்று எதையோ கடந்து வந்து, உடம்பு பாதுகாப்பான நாட்டில் இருந்தும் மனம் இன்னும் அங்கேயே நிற்பவர்களுக்கு. அவர்களோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பவர்களுக்கும் இது உதவும்.

தெரபிஸ்டுகளுக்கும் அகதிகளுக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்ப்பது என் வேலை. அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததில், கேள்வி கேட்டவர்களுக்குத்தான் நல்ல சிகிச்சை கிடைத்திருக்கிறது. கேட்கத் தயங்கிய பலர் இரண்டாவது சந்திப்போடு நின்றுவிட்டார்கள். ஆகவே என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில்: இது அதுதானா?

நம்மவர் குடும்ப வைத்தியரிடம் போனால் ‘மனம் சரியில்லை’ என்று தொடங்குவது அரிது. நித்திரை வருவதில்லை, நெஞ்சு இறுகுது, கை கால் விறைக்குது, தலைக்குள் ஏதோ ஊருது, யோசனை கூடிப்போச்சு என்றுதான் சொல்வோம். இரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை எல்லாம் நடக்கும். முடிவில் ‘ஒன்றும் இல்லை’ என்பார்கள். ஒன்றும் இல்லாமல் ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கதவுப் பூட்டைச் சரிபார்ப்பதில்லை.

கவனிக்க வேண்டியவை இவை. நடந்தது கனவாகவோ, பகலில் கண்முன்னாலோ திரும்பத் திரும்ப வருவது. அதை நினைவூட்டும் ஆட்களையும் இடங்களையும் தவிர்ப்பது. ஹெலிகொப்டர் சத்தத்துக்கோ கதவு அறைபடும் சத்தத்துக்கோ உடம்பு துள்ளுவது. பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் சீறி விழுவது. அல்லது எதிலுமே உணர்ச்சி இல்லாமல், கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஒரே மாதிரி நிற்பது. இப்படி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ குடும்பத்தையோ குலைத்தால் உதவி தேட வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980இல் இதற்கு ஒரு நோய்ப்பெயர் வந்தது. இலங்கைத் தமிழில் நாம் மனவடு என்கிறோம்.

போரைப் பார்த்த எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தவர்களிலும் கணிசமானோர் குடும்பம், கோயில், வேலை என்று மெல்ல மெல்லத் தேறிவிடுகிறார்கள். தேறவிடாமல் பிடித்து வைப்பது பல நேரம் இங்குள்ள வாழ்க்கைதான். அகதிக் கோரிக்கை விசாரணைக்காகக் காத்திருக்கும் காலம், வெளிச்சமில்லாத நிலவறை வாடகை அறை, கையில் காசு தரும் வேலைத்தலத்தில் படும் அவமானம், நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தும் வீட்டுக்காரர். தெரபிஸ்ட் இதையும் கேட்க வேண்டும். ஊரில் நடந்ததை மட்டும் கேட்டு, நேற்று பேருந்தில் நடந்ததைக் கேட்காதவர் பாதிக் கதையைத்தான் கேட்கிறார்.

அவசரம் என்றால் இந்தப் பத்தி மட்டும் போதும்

தற்கொலை எண்ணம் இருந்தால் 988ஐ அழையுங்கள், அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். கனடா முழுவதற்கும் இரவு பகலாக இயங்குகிறது. ஆனால் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான். தமிழ் வேண்டுமென்றால் 211 நல்லது; எடுத்தவுடன் ‘தமிழ்’ என்று ஒரு சொல் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ரொறொன்ரோ நகருக்குள் என்றால், பொலிஸ் வராத மனநல அவசரக் குழு ஒன்றையும் 211 மூலமே கேட்கலாம். சீருடையைக் கண்டாலே நடுங்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் இந்த வழியைத் தெரிந்துவைத்திருப்பது மிக முக்கியம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் யோசிக்காமல் 911.

யாரிடம் போகலாம்

ஒன்ராறியோவில் ‘சைக்கோதெரபிஸ்ட்’ என்று எவரும் பலகை மாட்டிவிட முடியாது. 2015 ஏப்ரலில் பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளருக்கான ஒழுங்குமுறைக் கல்லூரி, சுருக்கமாக சிஆர்பிஓ, செயல்பட ஆரம்பித்தது. இது படிப்பிக்கும் கல்லூரி அல்ல. தொழில்செய்பவர்களைப் பதிவுசெய்து, கண்காணித்து, முறைப்பாடு வந்தால் விசாரிக்கும் அமைப்பு. அதன் இணையதளத்தில் பதிவேடு உண்டு. பெயரைப் போட்டால் அவர் பதிவில் இருக்கிறாரா, அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் வரும். யாரிடம் போவதானாலும் முதலில் அங்கே பெயரைத் தேடுங்கள்.

இவர்களைத் தவிர உளவியலாளர், மருத்துவர், தாதி, தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் ஆகியோரும் தங்கள் கல்லூரிகளின் விதிப்படி உளச்சிகிச்சை செய்யலாம். பெயருக்குப் பின்னால் ‘குவாலிஃபையிங்’ என்று இருந்தால், படிப்பை முடித்து அல்லது ஏறக்குறைய முடித்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று பொருள். தயங்க வேண்டாம். கட்டணம் குறைவாக இருக்கும், அவருடைய வேலையை இன்னொரு கண்ணும் பார்த்துக்கொண்டிருக்கும்.

லைஃப் கோச், ஹீலர், ‘கவுன்சிலிங் செய்வேன்’ என்று முகநூலில் எழுதுபவர், நட்சத்திரம் பார்த்து மனக்கவலை தீர்ப்பவர் ஆகியோர் எந்தக் கல்லூரிக்கும் பதில்சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்ல. சாதாரணக் கவலைக்கு யாரிடமும் மனம்விட்டுக் கதைக்கலாம். சித்திரவதையோ பாலியல் வன்முறையோ கடந்து வந்த ஒருவரை இவர்களிடம் அனுப்பாதீர்கள். தெரியாதவர் கையில் அந்தக் கதை திறந்தால், மூடத் தெரியாமல் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

காசு

தனியார் தெரபிஸ்ட் ஒரு சந்திப்புக்குப் பொதுவாக 120 முதல் 200 டொலர் வரை கேட்பார். சந்திப்பு 50 நிமிடம். 2024 ஜூன் 20இலிருந்து இதற்கு விற்பனை வரி கிடையாது. பழைய விலைப்பட்டியலைக் காட்டி யாராவது வரி சேர்த்தால் கேளுங்கள். மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப் அட்டை இதற்குச் செல்லாது. குடும்ப வைத்தியருக்கும் மனநல மருத்துவருக்கும்தான் செல்லும்.

ஆனால் காசில்லாமலும் வழிகள் இருக்கின்றன, அவற்றைத்தான் முதலில் முயல வேண்டும். சமூக சுகாதார நிலையங்களில் சேவை இலவசம், பலவற்றில் ஓஹிப் இல்லாதவர்களையும் பார்ப்பார்கள். சித்திரவதையிலிருந்தும் போரிலிருந்தும் தப்பி வந்தவர்களுக்கென்றே ரொறொன்ரோவில் 1977இல் தொடங்கிய கனடியச் சித்திரவதைக்குள்ளானோர் மையம் இருக்கிறது, சிசிவிடி என்பார்கள். ஸ்காபரோவிலும் அதற்கு அலுவலகம் உண்டு. அக்ராஸ் பவுண்டரீஸ் என்ற மனநல அமைப்பு 1995இலிருந்து நிறவெறிக்கு ஆளாகும் சமூகங்களுக்காகவே இயங்குகிறது. மோல்வேர்ன் பகுதியிலுள்ள தைபு சுகாதார நிலையம் கறுப்பின மக்களை மையமாக வைத்து நடக்கிறது. சூடான், சோமாலியா, கரீபியன் பக்கத்திலிருந்து வந்த அயலவர் உங்களிடம் கேட்டால் அங்கே அனுப்புங்கள். மாகாண அரசின் கட்டமைக்கப்பட்ட உளச்சிகிச்சைத் திட்டத்திலும் (ஆங்கிலத்தில் ‘ஒன்ராறியோ ஸ்ட்ரக்சர்ட் சைக்கோதெரபி’) மனச்சோர்வு, பதற்றம், மனவடு ஆகியவற்றுக்கு இலவசமாக உதவி பெறலாம். குடும்ப வைத்தியரிடம் அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அகதிக் கோரிக்கை வைத்திருப்பவர்களுக்குக் கூட்டாட்சி அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உளச்சிகிச்சைக்கும் உதவுகிறது. தெரபிஸ்ட், அத்திட்டத்தின் கொடுப்பனவுகளைக் கவனிக்கும் மெடவி புளூ குறொஸ் நிறுவனத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். இத்தகைய மேலதிகச் சேவைகளுக்கு நோயாளியும் ஒரு பங்கு கட்டும் முறையை 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். ஆகவே ‘என் பங்கு எவ்வளவு வரும்?’ என்பதை முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். வேலைத்தலக் காப்புறுதி இருந்தால், அது பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளருக்குப் பொருந்துமா, உளவியலாளருக்கும் சமூகப் பணியாளருக்கும் மட்டுமா என்று பாருங்கள். பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள், வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம்.

‘நமக்கேற்ற’ என்றால் என்ன

பல இணையதளங்களில் ‘பண்பாட்டுக்கு ஏற்ற சிகிச்சை’ என்று போட்டிருக்கும். தமிழில் கதைப்பார் என்பது மட்டும் அதற்குப் பொருளாகாது. சிகிச்சை முறையே நம் பக்கம் வளைந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

உடம்பிலிருந்து தொடங்குகிறாரா என்று பாருங்கள். ‘உங்களுக்கு என்ன உணர்வு?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டால் நம்மவர் பலர் ‘ஒன்றுமில்லை’ என்பார்கள். ‘நெஞ்சில் எந்த இடத்தில் இறுகுது, எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன நடந்தது?’ என்று கேட்டால் அரைமணி நேரம் சொல்வார்கள். அமெரிக்காவில் டெவன் ஹின்டன் என்ற மனநல மருத்துவர் கம்போடிய, வியட்நாமிய அகதிகளுக்காகச் சிகிச்சையை மாற்றியமைத்தபோது செய்தது இதைத்தான். தலைசுற்றல், பிடரி வலி என்று அவர்கள் சொன்ன உடல் உபாதைகளையே சிகிச்சையின் நடுவில் வைத்தார்.

அடுத்தது, நீங்கள் சொல்லும் காரணத்தைக் கேட்கிறாரா. ஏழரைச் சனி, நாவூறு, முற்பிறப்பு வினை, நேர்த்தி வைத்து நிறைவேற்றாதது என்று ஒருவர் காரணம் சொன்னால், அதைச் சிரித்துத் தள்ளுவதும் தவறு, தலையாட்டிவிட்டுப் போவதும் தவறு. 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் பண்பாட்டைக் கேட்டறிய 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணல் சேர்க்கப்பட்டது. உங்கள் பிரச்சினையை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள், வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வீர்கள், ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதுவரை என்ன உதவி தேடினீர்கள் என்று அது போகும். இந்த வகைக் கேள்விகள் முதல் இரண்டு சந்திப்புக்குள் வந்தால் நல்ல அறிகுறி.

அப்புறம் எண்ணங்களைச் சோதிக்கும் முறை. சிபிடி என்ற சிகிச்சையில், பயம் தரும் ஓர் எண்ணத்தை எடுத்து அது உண்மையா என்று ஆராய்வார்கள். நல்ல முறைதான், பலருக்கு வேலை செய்கிறது. ஆனால் ‘பொலிஸ் என்னை நிறுத்திவிடும்’ என்று ஒரு கறுப்பின இளைஞரோ, தடுப்பில் இருந்து வந்த ஒரு தமிழரோ சொன்னால், அதை மிகையான எண்ணம் என்று எழுதிவைப்பது அநியாயம். அவருக்கு அது நடந்திருக்கிறது. எது நடந்த ஆபத்து, எது இப்போதுள்ள ஆபத்து, எது பழைய காயத்தின் எதிரொலி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். தெற்காசியருக்கு ஏற்றபடி சிபிடியை மாற்றும் திட்டம் ஒன்றை ரொறொன்ரோவின் காம்எச் மருத்துவமனையும் கனடிய மனநல ஆணையமும் சேர்ந்து நடத்தியிருக்கின்றன. அந்தப் பயிற்சி பெற்றவரா என்று கேட்கலாம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இது இன்னும் கூர்மையாகத் தேவைப்படுகிறது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்தத் தாய்மாரின் சகோதரிகளும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். உடல் இல்லை, செத்தவீடு இல்லை, எட்டுச் செலவு இல்லை, ஆண்டுத் திவசம் செய்வதா என்றும் தெரியவில்லை. இப்படிப்பட்டவரிடம் ‘இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு தெரபிஸ்ட் சொன்னால், அவர் மகனைக் கொல்லச் சொல்வது போல இருக்கும். பவுலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இத்தகைய இழப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்: முடிவு தெரியாத நிலையை முடித்துவைக்க முயலாமல், அதோடு வாழப் பழகுவதற்கு உதவ வேண்டும் என்பது அவர் வழி. தெரபிஸ்டிடம் நேரே கேளுங்கள், ‘காணாமல் போனவர்களின் குடும்பத்தோடு வேலை செய்திருக்கிறீர்களா?’

குடும்பம் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் வாழ்க்கையில் அம்மா, அண்ணன், மாமியார் எல்லோரும் இருக்கிறார்கள். ‘அவர்களை விட்டு விலகுங்கள்’ என்று எடுத்த எடுப்பில் சொல்பவர் நமக்குப் பொருந்தமாட்டார். விரும்பினால் வீட்டார் ஒருவரை ஒரு சந்திப்புக்கு அழைத்துவர இடம் தருபவர் நல்லது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. கணவன் அடிக்கிறான் என்று சொல்லும் பெண்ணிடம் ‘நம் பண்பாட்டில் குடும்பத்துக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்’ என்று சொல்பவர் தமிழராயிருந்தாலும் அது சிகிச்சை ஆகாது. அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். சிஆர்பிஓவுக்கு முறைப்பாடும் செய்யலாம்.

நம் ஊரிலேயே இந்த வேலை நடந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நீண்ட காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆட்களை மட்டுமல்ல, சமூகத்தையே காயப்படுத்துகிறது என்று தொடர்ந்து எழுதிவந்தார். சுவாசப் பயிற்சி, சாந்தி ஆசனம், சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று அவரவர் வழிபாட்டில் ஏற்கெனவே இருந்ததையே பயிற்சியாகக் கொடுத்தார்கள். இங்கே உங்கள் தெரபிஸ்ட் ஆங்கிலத்தில் ஏதோ தியானச் செயலியைக் காட்டினால், ‘நான் தேவாரம் சொல்லிக்கொண்டே மூச்சை இழுத்து விடலாமா?’ என்று கேளுங்கள். நல்லவர் உடனே ஒத்துக்கொள்வார்.

தமிழரா, வேறு ஆளா

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. தமிழரிடம் போனால் பாதி விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. பங்கர் என்றால் தெரியும், சென்றி என்றால் தெரியும். ஆனால் நம் சமூகம் சின்னது. எந்த ஊர், எந்தச் சாதி, எந்த இயக்கத்தோடு நின்ற குடும்பம் என்ற கேள்வியெல்லாம் அறைக்குள் வந்து உட்காரும். ஒரே கோயில், ஒரே பாடசாலைப் பழைய மாணவர் சங்கம் என்றால் வாய் திறக்காது. அப்படியிருந்தால் வெளியாளிடம், மொழிபெயர்ப்பாளரோடு போவது பல நேரம் சுதந்திரமாக இருக்கும். மொழிபெயர்ப்பாளரையும் நீங்கள் மறுக்கலாம்: ஆண் வேண்டாம், பெண் வேண்டும், இந்தியத் தமிழர் என்றாலும் பரவாயில்லை, எங்கள் ஊர்க்காரர் வேண்டாம். இவற்றையெல்லாம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, நாங்கள் யாரும் மனம் நோகமாட்டோம்.

பிள்ளைகளை மட்டும் மொழிபெயர்க்க விடாதீர்கள். பன்னிரண்டு வயது மகள் தன் தகப்பனுக்கு முகாமில் நடந்ததைத் தன் வாயால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிவருவது அவளுக்கு இன்னொரு காயம். தகப்பனும் உண்மையைச் சொல்லமாட்டார்.

முதல் அழைப்பு

பெரும்பாலான தெரபிஸ்டுகள் பதினைந்து, இருபது நிமிடம் இலவசமாகக் கதைப்பார்கள். இரண்டு மூன்று பேரை அழைத்துப் பாருங்கள். காய்கறி வாங்கவே நாலு கடை பார்க்கும் நாம் இதில் மட்டும் முதலில் கிடைத்தவரோடு நின்றுவிடக் கூடாது. கேட்க வேண்டியவை: எந்தக் கல்லூரியில் பதிவு? போரில் அல்லது சித்திரவதையில் தப்பியவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா? எந்த முறையைப் பயன்படுத்துவீர்கள், அதில் நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டியிருக்குமா? மொழிபெயர்ப்பாளரின் செலவு யாருடையது? வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைப்பீர்களா? நிறவெறி பற்றி நான் கதைத்தால் எப்படி எடுத்துக்கொள்வீர்கள்?

கடைசிக் கேள்விதான் அளவுகோல். ‘இங்கே அப்படியெல்லாம் அதிகம் இல்லை’ என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

இணையவழி சந்திப்பு என்றால் இடம் யோசித்து வையுங்கள். ஒரு அறையில் நாலு பேர் இருக்கும் வீட்டில் தெரபி நடக்காது. தரிப்பிடத்தில் நிறுத்திய காருக்குள் இருந்து கதைப்பவர்கள் நிறையப் பேர். நூலகத்தில் சிறிய அறை முன்பதிவு செய்வதும் நடக்கும்.

முதல் சந்திப்புகள்

படிவங்கள் வரும். ஒப்புதல் படிவத்தை வாசிக்காமல் கையெழுத்திட வேண்டாம். தமிழில் விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது இரகசியம். குடிவரவு அலுவலகத்துக்குப் போகாது, வேலைத்தலத்துக்குப் போகாது, கணவருக்கோ மனைவிக்கோ போகாது. விதிவிலக்குகள் சில: உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ பெரும் ஆபத்து, 16 வயதுக்குட்பட்ட பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம், நீதிமன்ற உத்தரவு. இவற்றைத் தெரபிஸ்டே விளக்க வேண்டும். விளக்காவிட்டால் கேளுங்கள்.

முதல் நாளே நடந்ததையெல்லாம் கொட்ட வேண்டியதில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. அகதி விசாரணைக்காகத் திகதி தவறாமல் கதை சொல்லிப் பழகியவர்கள் இங்கேயும் அப்படியே தொடங்கிவிடுகிறார்கள், அன்றிரவு நித்திரை இல்லாமல் தவித்து, மறுமுறை வராமல் விடுகிறார்கள். மனவடுச் சிகிச்சையில் முதல் கட்டம் பாதுகாப்பு. நித்திரை, உணவு, குடி, வீட்டில் சண்டை, பதற்றம் வந்தால் எப்படித் தணிப்பது. ஜூடித் ஹேர்மன் என்ற மனநல மருத்துவர் வகுத்த மூன்று கட்டத்தில் இதுதான் முதலாவது. நினைவுகூர்ந்து துக்கிப்பது இரண்டாவது, மறுபடி வாழ்க்கையோடு இணைவது மூன்றாவது.

பதற்றத்தைத் தணிக்க ஒரு சிறிய வழியைச் சொல்கிறேன், காத்திருக்கும் நாட்களில் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வையுங்கள். மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். விரல் நுனியில் கொஞ்சம் சித்தாலேப தைலம் எடுத்து முகருங்கள். அந்தக் காரமான மணம் மூக்கில் ஏறும்போது மனம் இந்த அறைக்கு, இந்த நிமிடத்துக்கு வந்துவிடும். பிறகு கண்ணில் படும் ஐந்து பொருளைத் தமிழில் பெயர் சொல்லுங்கள்: யன்னல், கம்பளம், மகனின் சப்பாத்து. மருந்து மணமே முகாம் ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்துகிறது என்றால் அதை விட்டு, விபூதி, எலுமிச்சைத் தோல், கோப்பித் தூள் என்று வேறு எடுங்கள்.

கதையைச் சொல்லும் கட்டம்

சில கிழமைகளோ மாதங்களோ போனபின் இது வரலாம், வராமலும் போகலாம். பல முறைகள் உண்டு. நம்மவருக்கு மிக இயல்பாகப் பொருந்துவதாக நான் கண்டது, ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான கதைசொல்லும் சிகிச்சை. தரையில் ஒரு கயிற்றை நீட்டுவார்கள். ஒரு முனை பிறந்த நாள். மறு முனையைச் சுருட்டியே வைப்பார்கள், அது இனி வரப்போகும் காலம். நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். ஒருவருடைய கயிற்றில் அம்மம்மா வீட்டு முற்றத்துக்கு ஒரு பூ, 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து சனத்தோடு சனமாய் நடந்ததற்கு ஒரு கல், அதே நடையில் தெரியாத ஒருவர் தண்ணீர் தந்ததற்குப் பக்கத்திலேயே ஒரு பூ, 2009க்கு மூன்று கல் என்று இருக்கலாம். பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் ஒவ்வொரு கல்லாக எடுத்து, எப்போது, எங்கே, உடம்பு என்ன செய்தது, இப்போது சொல்லும்போது என்ன செய்கிறது என்று மெதுவாகக் கதைப்பார்கள். தெரபிஸ்ட் எழுதிவந்து அடுத்தமுறை வாசித்துக் காட்டுவார், நீங்கள் திருத்துவீர்கள். முடிவில் எழுதிய வாழ்க்கைக்கதை உங்கள் கைக்கு வரும்.

இலங்கையின் வடகிழக்கில் ஆழிப்பேரலைக்குப் பின் 31 பிள்ளைகளிடம் இம்முறையின் சிறுவர் வடிவத்தையும், தியான-தளர்வுப் பயிற்சியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின் முதல் குழுவில் 81 விழுக்காட்டினரும், இரண்டாம் குழுவில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் கதை சொல்ல முடியாதவர்களுக்குப் பயிற்சி வழியும் பலன் தரும் என்பதற்கு இது நல்ல ஆதாரம். ‘சொன்னால்தான் குணமாகும்’ என்று யாரும் உங்களை நெருக்கத் தேவையில்லை.

அகதி விசாரணை உள்ளவர்களுக்கு

தெரபிஸ்டிடம் கடிதம் கேட்கலாம், ஆனால் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும். பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளர் நோயின் பெயரைத் தீர்மானித்துச் சொல்ல முடியாது. எப்போதிலிருந்து வருகிறீர்கள், என்ன அறிகுறிகளைக் கண்டார், என்ன சிகிச்சை நடக்கிறது என்று எழுதலாம். நோய்ப்பெயரோடு அறிக்கை வேண்டுமென்றால் உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ போக வேண்டும். சட்டத்தரணியோடு முன்கூட்டியே கதையுங்கள். அகதிகள் சபையின் எட்டாவது வழிகாட்டுநெறிப்படி, இடையிடையே ஓய்வு, கேள்வி கேட்கும் ஒழுங்கில் மாற்றம், வழக்கை விசாரிக்கும் உறுப்பினர் பெண்ணாக இருப்பது போன்ற ஏற்பாடுகளைக் கேட்கலாம். விசாரணை நாளன்று போய்க் கேட்பதை விட முன்னரே எழுதிக் கேட்பது எவ்வளவோ மேல்.

நாட்காட்டியைப் பாருங்கள்

மே 18 (முள்ளிவாய்க்கால்), ஜூலை 23 (83 கலவரம்), நவம்பர் 27 (மாவீரர் நாள்) நெருங்கும்போது பலருக்கு நித்திரை குலையும், காரணம் என்னவென்று அவர்களுக்கே பிடிபடாது. இங்குள்ள நாட்களும் உண்டு. மே மாத விக்டோரியா நாளுக்கும் ஜூலை 1க்கும் ஸ்காபரோவில் வாணவெடி வெடிக்கும். செல் சத்தம் கேட்டு வளர்ந்தவருக்கு அது கொண்டாட்டமாகக் கேட்காது. தெரபிஸ்டோடு இருந்து முன்கூட்டியே ஒரு திட்டம் எழுதுங்கள்: அன்றிரவு எந்த அறையில் இருப்பது, யார் கூட இருப்பது, காதில் எந்தப் பாட்டு, வேலைக்கு மறுநாள் காலை போக வேண்டுமா, பிள்ளைகள் வெடி பார்க்க ஆசைப்பட்டால் யாரோடு அனுப்புவது. பிள்ளைகளிடம் ‘அப்பாவுக்குச் சத்தம் ஒத்துக்காது’ என்று ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் அப்பாவின் கோபத்துக்குத் தாங்கள்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பொருந்தவில்லை என்றால், முடிந்துவிட்டது என்றால்

மூன்று நாலு சந்திப்புக்குப் பின்னும் கேட்கப்படுவதாக உணராவிட்டால், அதை அவரிடமே சொல்லுங்கள். நல்ல தெரபிஸ்ட் முறையை மாற்றுவார், அல்லது பொருத்தமான இன்னொருவரைக் காட்டுவார். மரியாதைக்காகத் தொடர்ந்து போய்க் காசைக் கரைக்க வேண்டாம். சொல்லாமல் நின்றுவிடவும் வேண்டாம்.

தேறி நிறுத்தும்போதும் ஒரு கடைசிச் சந்திப்பு வையுங்கள். எந்த அறிகுறி திரும்பினால் மறுபடி வர வேண்டும், எந்தப் பயிற்சி உங்களுக்குப் பலன் தந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், தமிழில் கேட்டாலும் தவறில்லை. உங்கள் கோப்பைக் குறைந்தது பத்து ஆண்டுகள் அவர்கள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, பிரதி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மூன்று வருடம் கழித்து வேறு ஒருவரிடம் போனாலும் அந்தப் பிரதியைக் கொடுத்தால், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டிவராது.